கேட்டைக்கு விளிம்பு எது?

ஆடித் தபசுக்குக் கொடியேறி ஒரு வாரம் ஆன இரவுகளில் சங்கரன்கோவிலில் தெற்கு வானத்தைப் பார்த்தால், வளர்பிறை நிலாவை ஒட்டி ஒரு செம்மஞ்சள் விண்மீன் தெரியும். ஆண்டுதோறும் தவறாமல் நடக்கும் சந்திப்பு இது. தபசுக் காட்சி ஆடி மாதத்து உத்திராட நட்சத்திர நாளில் வரும். நிலா நாளுக்கொரு நட்சத்திரம் வீதம் நகர்கிறது. கேட்டை, மூலம், பூராடம், உத்திராடம் என்று வரிசையை எண்ணிப் பார்த்தால், தபசுக்கு மூன்று நான்கு நாள் முன்னால் நிலா கேட்டையைக் கடந்தாக வேண்டும். அந்தச் செம்மஞ்சள் மீன்தான் கேட்டை. மேற்கத்திய வானியலில் அதன் பெயர் அன்டாரிஸ்.

ஆடி மாதம் மேகம் பார்க்க உகந்த மாதம். விண்மீன் பார்க்க அல்ல என்பது தென்காசி மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மலையைத் தாண்டி வரும் சாரல் மேகங்கள் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று புழுதியை வாரி இறைக்கும். ஆனாலும் மேகங்களுக்கு நடுவே இடைவெளி கிடைக்கும். ஆடிப் பாதியில் இரவு எட்டு, எட்டரை மணிக்குத் தெற்கில் அடிவானத்திலிருந்து 54 பாகை உயரத்தில் கேட்டை நிற்கும். இருபுறமும் காவலுக்கு நிற்பதுபோல் இரண்டு மங்கலான மீன்கள் இருக்கும். கீழே வளைந்து இறங்கும் தேளின் வால் முழுவதையும் நம் ஊரிலிருந்து பார்க்கலாம். லண்டனில் இருப்பவருக்கு அந்த வால் முழுதாக அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை.

கேட்டை ஒரு சிவப்பு மீப்பெரு விண்மீன். நம்மிடமிருந்து ஏறத்தாழ 550 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதன் ஆரம் சூரியனுடையதைப் போல 680 மடங்கு என்று பாடநூல்கள் சொல்லும். சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் அதன் வயிற்றுக்குள் போய்விடும். செவ்வாய்க்கு அப்பாலுள்ள சிறுகோள் பட்டையின் பெரும்பகுதியும் மிஞ்சாது. சூரியனின் குறுக்கே போக ஒளிக்கு ஐந்து விநாடிகூடத் தேவையில்லை. கேட்டையின் குறுக்கே போக முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும்.

இந்த எண்களைக் கேட்டதும் வாயைப் பிளப்பது இயல்பு. ஆனால் இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று இருக்கிறது. கேட்டை போன்ற விண்மீனுக்கு ‘இதுதான் அளவு’ என்று ஒரே எண்ணைச் சொல்லவே முடியாது.

நிலா பிடித்துக் கொடுத்த மீன்

முதலில், அளந்தது எப்படி? எந்தப் பெரிய தொலைநோக்கியில் பார்த்தாலும் சாதாரண விண்மீன் ஒரு புள்ளிதான். கேட்டை வானத்தில் பிடிக்கும் இடம் ஏறத்தாழ 0.04 கோண விநாடி. ஒரு பாகையை 3,600 பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி இருபத்தைந்தாகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு துண்டு அது. சங்கரன்கோவிலில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, நேர்கோட்டில் 120 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் கொடைக்கானலிலிருந்து பார்த்தால் அந்த நாணயம் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, அவ்வளவுதான்.

இதை அளக்க இயற்கையே ஒரு கருவி தந்திருக்கிறது. அது நிலா. கேட்டை நிலாவின் பாதைக்கு அருகில் இருப்பதால், சில ஆண்டுகளில் நிலா அதை நேராகவே மறைத்துவிடும். 2023 முதல் 2028 வரை அப்படியொரு பருவம். மாதந்தோறும் பூமியின் ஏதோ ஒரு பகுதியிலிருந்து இந்த மறைப்பு தெரியும். நிலா விண்மீன்களுக்கு நடுவே ஒரு விநாடிக்கு ஏறத்தாழ அரைக் கோண விநாடி நகர்கிறது. தொலைவிலுள்ள சிறிய விண்மீன் அதன் விளிம்பில் பட்டதும் விளக்கை அணைத்ததுபோல் மறையும். கேட்டையோ பத்தில் ஒரு விநாடி அளவுக்கு இழுத்துக்கொண்டு மங்கும். அந்த மங்கலை வேகமான ஒளிமானியில் பதிவு செய்தால் விண்மீனின் அகலம் கிடைத்துவிடும். இராஜஸ்தானின் மவுண்ட் அபுவில் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் 1.2 மீட்டர் அகச்சிவப்புத் தொலைநோக்கி இந்த முறையில் பல சிவப்பு விண்மீன்களை அளந்திருக்கிறது.

1819 ஏப்ரல் 13 அன்று வியன்னாவில் யோகான் தோபியாஸ் பியூர்க் என்பவர் இப்படியொரு மறைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிலாவுக்குப் பின்னாலிருந்து கேட்டை வெளிவர வேண்டிய நேரத்தில் முதலில் ஒரு மங்கலான மீன் தலைகாட்டியது. சில விநாடி கழித்துத்தான் கேட்டை பளிச்சென்று வந்தது. முதலில் வந்தது கேட்டையின் துணை மீன். வெண்ணீலமான, வெப்பமான அந்தத் துணை கேட்டையைவிட அறுபது மடங்குக்கு மேல் மங்கல். இரண்டுக்கும் இடைவெளி மூன்று கோண விநாடிகூட இல்லை. அதனால் கேட்டையின் வெளிச்சத்தில் அது எப்போதும் மூழ்கியே கிடக்கும். அதைத் தொலைநோக்கியில் நேரடியாகப் பிரித்துப் பார்த்தவர், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்த ஜேம்ஸ் வில்லியம் கிராண்ட். நாள் 1844 ஜூலை 23. அதுவும் ஆடி மாதம்தான். அமெரிக்காவில் ஆம்ஸ்பி மிட்செல் அதே துணையைக் கண்டது இரண்டு ஆண்டு கழித்து.

ஒரு விண்மீனின் அகலம் முதன்முதலாக நேரடியாக அளக்கப்பட்டது 1920 டிசம்பர் 13-இல். கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் 100 அங்குலத் தொலைநோக்கியின் வாயில் 20 அடி நீள உத்தரம் ஒன்றைப் பொருத்தி, அதன் மேல் ஆடிகளை நகர்த்தினார்கள். கருவி ஆல்பர்ட் மைக்கல்சனின் யோசனை. அளந்தவர் பிரான்சிஸ் பீஸ். ஒரே மீனின் ஒளியை இரண்டு ஆடிகளில் வாங்கிச் சேர்த்தால் கருப்பும் வெளுப்புமாக வரிகள் தோன்றும். ஆடிகளைத் தள்ளித் தள்ளி வைக்கும்போது ஓரிடத்தில் வரிகள் மறையும்; மீன் எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் மறையும். முதலில் அளந்தது திருவாதிரையை, அதாவது பெட்டல்ஜூஸை. ஆடிகளின் இடைவெளி 121 அங்குலம் ஆனபோது வரிகள் மறைந்தன, கணக்கு 0.047 கோண விநாடி என்று வந்தது. அடுத்து கேட்டையையும் அளந்தார்கள். நம் பஞ்சாங்கத்திலிருக்கும் இரண்டு நட்சத்திரங்கள்தாம் விண்மீன்களின் அளவு பற்றிய அறிவியலைத் தொடங்கி வைத்தன.

ஒரு தாளில் போடும் கணக்கு

கேட்டையின் பருமனைச் சரிபார்க்கப் பள்ளிக் கணக்கே போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பிலிருந்து வெளிவரும் ஆற்றல், வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சூரியனின் மேற்பரப்பு ஏறத்தாழ 5,770 கெல்வின், கேட்டையுடையது 3,660 கெல்வின். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 0.634. அதை நான்கு முறை பெருக்கினால் 0.16. அதாவது பரப்புக்குப் பரப்பு ஒப்பிட்டால் கேட்டை சூரியனில் ஆறில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் கொடுக்கிறது. வெப்பநிலை குறைவு என்பதால்தான் சிவந்தும் தெரிகிறது.

ஆனால் பரப்பு எவ்வளவு? 680-ஐ 680-ஆல் பெருக்கினால் 4,62,400. அதை 0.16-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 75,000. சூரியனைப் போல் 75,000 மடங்கு ஆற்றல்! பெரும்பகுதி அகச்சிவப்பாக வெளியேறுவதால் கண்ணுக்குத் தெரிவது அதில் ஒரு பங்குதான். ஒவ்வோர் அங்குலமும் மங்கலாக இருந்தும் மொத்தத்தில் இவ்வளவு ஒளிர்வது பரப்பின் விரிவால்தான்.

இனி எடையைப் பார்ப்போம். கேட்டையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 12 மடங்குதான். 680-ஐ மும்மடி ஆக்கினால் கொள்ளளவு 31 கோடி மடங்குக்கு மேல். 12 சூரியன்களின் சரக்கை 31 கோடி சூரியன்களுக்கான இடத்தில் பரப்பி வைத்தால் என்ன மிஞ்சும்? ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராமில் இருபதில் ஒரு பங்கு. நாம் மூச்சிழுக்கும் காற்று ஒரு கன மீட்டருக்கு 1,200 கிராம். சராசரியாக, கேட்டை நம் காற்றைவிட 20,000 மடங்குக்கு மேல் மெல்லியது. அந்தச் சராசரியிலும் பெரும்பங்கு நடுவிலுள்ள அடர்ந்த உள்ளகத்தில் அடங்கிவிடுகிறது. வெளிப்பகுதி இன்னும் சன்னம்; ஆய்வகத்தில் வெற்றிடம் என்று நாம் சொல்வதற்கு நெருக்கமானது.

ஏன் இப்படி ஊதிப்போனது? அதன் வயது ஒன்றரைக் கோடி ஆண்டுக்கும் குறைவு. 460 கோடி ஆண்டாக எரியும் சூரியனுக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்தது. ஆனால் நிறை கூடுதலாக இருந்தால் உள்ளகத்தில் அழுத்தமும் வெப்பமும் கூடுதல். எரிபொருள் அசுர வேகத்தில் தீரும். நடுவிலுள்ள ஹைட்ரஜன் தீர்ந்ததும் உள்ளகம் சுருங்கிச் சூடேறும். அதைச் சுற்றிய அடுக்கில் ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். வெளிப்போர்வை விரிந்து, விரிந்த அளவுக்குக் குளிரும். கேட்டை முதுமையில் உடல் பெருத்த விண்மீன்.

கொதிக்கும் பரப்பு, மாறும் ஒளி

சூரியனின் மேற்பரப்பிலும் வாயு கொதித்து எழுந்து அடங்குகிறது. கொடைக்கானல் ஆய்வுக்கூடம் நூறாண்டுக்கும் மேலாகப் படமெடுத்துவரும் அந்தப் பரப்பில், ஒவ்வொரு கொதிகுமிழியும் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் அகலம். அப்படிப் பல லட்சம் குமிழிகள். ஒன்று எழும்போது இன்னொன்று அடங்குவதால் மொத்த ஒளியில் மாற்றம் தெரிவதில்லை. மீப்பெரு விண்மீனில் நிலைமை வேறு. 1975-இல் மார்ட்டின் சுவார்ட்சைல்ட் கணித்தபடி, அங்கே மேற்பரப்பு முழுவதையும் ஒரு சில பிரம்மாண்டக் குமிழிகளே நிரப்புகின்றன. ஒரு குமிழி சற்று அதிகம் சூடேறினாலே விண்மீனின் ஒளி மாறிவிடும். கூடவே விண்மீன் முழுவதும் விம்மித் தணிகிறது. அதனால்தான் இவை ‘மாறும் விண்மீன்கள்’. கேட்டையின் ஒளி ஏறத்தாழ 0.6 முதல் 1.6 ஒளித்தரம் வரை (எண் குறைந்தால் ஒளி கூடுதல்), ஒழுங்கான தாளமில்லாமல் மெல்ல ஏறி இறங்குகிறது.

ஒளித்தரம் என்ற அந்த அளவுகோலுக்கும் சென்னைக்கும் தொடர்பு உண்டு. ஐந்து ஒளித்தர வேறுபாடு என்றால் நூறு மடங்கு ஒளி வேறுபாடு என்று 1856-இல் வரையறை சொன்னவர் நார்மன் போக்சன். 1861 முதல் சாகும்வரை அவர் சென்னை வான் ஆய்வுக்கூடத்தின் தலைவர். அங்கே அவருக்கு உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் தென்வானத்தில் ‘ஆர் ரெட்டிகுலி’ என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது மீப்பெரு வகை அல்ல. அடுத்த படியிலுள்ள சிவப்புப் பெருமீன். ஏறத்தாழ ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை அது ஒளிர்ந்து மங்குகிறது. அன்றாடப் பதிவேட்டில் ஒரு மீனின் ஒளி முந்தைய கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்று கவனிப்பதில்தான் இப்படிப்பட்ட கண்டுபிடிப்புகள் தொடங்குகின்றன.

அண்மையில் உலகமே கவனித்த மாற்றம் திருவாதிரையில் நடந்தது. 2019 இறுதியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. வெடிக்கப்போகிறது என்ற பேச்சு செய்தித்தாள்வரை வந்தது. வெடிக்கவில்லை. விண்மீனின் தென்பாதி மட்டும் இருண்டிருந்ததைச் சிலியிலுள்ள பெரும் தொலைநோக்கியின் படங்கள் காட்டின. மேற்பரப்பிலிருந்து வாயு பெரும் திரளாக எறியப்பட்டு, வெளியே குளிர்ந்து தூசாகி, நமக்கும் விண்மீனுக்கும் நடுவே திரைபோட்டிருந்தது.

அப்படி எறிவது சுலபம் என்பதையும் கணக்கு சொல்லிவிடும். கேட்டையின் மேற்பரப்பில் ஈர்ப்பு, பூமியில் இருப்பதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வாயுவை இறுக்கிப் பிடிக்க அங்கே கையில் வலு இல்லை. சில ஆண்டுகளுக்கு ஒரு பூமி என்ற கணக்கில் கேட்டை தன் சரக்கை வெளியே ஊதிக்கொண்டிருக்கிறது.

எந்த வெளிச்சத்தில் பார்க்கிறோம்?

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வரலாம். சூரியனுக்குக் கூர்மையான விளிம்பு உண்டு. நாம் காணும் ஒளிப்படலத்தின் தடிமன் சில நூறு கிலோமீட்டர். சூரியனின் ஆரமோ 7 லட்சம் கிலோமீட்டர். அதனால் தட்டு வெட்டியதுபோல் தெரிகிறது. கேட்டையில் வாயு தேய்ந்து தேய்ந்து வெளியில் கரைகிறது. ‘இங்கே விண்மீன் முடிகிறது’ என்று காட்ட அங்கே கோடு எதுவும் கிடையாது.

எந்த அலைநீளத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப விளிம்பு நகர்கிறது. 680 மடங்கு என்ற எண், அகச்சிவப்பில் மூலக்கூறுகளின் குறுக்கீடு குறைவான இடைவெளி வழியே பார்த்துப் பெற்றது. கார்பன் மோனாக்சைடு உறிஞ்சும் நிறத்தில் பார்த்தால் மேலடுக்குகள் மூடிக்கொள்ளும். விண்மீன் பெருத்துத் தெரியும். டைட்டானியம் ஆக்சைடு உறிஞ்சும் சிவப்பிலும் அதே கதை. 2017-இல் கெய்ச்சி ஓனாகா தலைமையிலான குழு, சிலியின் பரானலில் பல தொலைநோக்கிகளை இணைத்துக் கேட்டையின் மேற்பரப்பில் வாயு ஓடும் வேகத்தையே வரைபடமாக்கியது. சூரியனைத் தவிர வேறெந்த விண்மீனுக்கும் அதுவரை அப்படியொரு படம் கிடையாது. கொதிப்பு மட்டும் தூக்கிவிடக்கூடிய உயரத்தைத் தாண்டியும் வாயு கொந்தளித்துக்கொண்டிருந்தது. அவ்வளவு உயரத்துக்கு அதைத் தூக்கும் விசை எது என்ற கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது.

2020-இல் சிலியின் அல்மா தொலைநோக்கிகளும் அமெரிக்காவின் விஎல்ஏவும் கேட்டையை ரேடியோ அலைகளில் அளந்தன. ஒளிப்படலத்துக்கு மேலுள்ள அடுக்கான நிறமண்டலம் விண்மீனின் ஆரத்தைப்போல் இரண்டரை மடங்கு தொலைவுக்கு விரிந்திருந்தது. சூரியனில் அந்த மண்டலம் ஆரத்தில் இருநூறில் ஒரு பங்குதான். அதற்கும் வெளியே, 12 மடங்கு தொலைவிலும் காற்றோட்டம் தென்பட்டது. ஆக, கேட்டையின் எல்லை செவ்வாயைத் தாண்டி நிற்கிறதா, வியாழனைத் தாண்டியா, சனியைத் தாண்டியா? மூன்றுக்கும் ஆம் என்று பதில் சொல்லலாம். எந்த வெளிச்சத்தில் பார்த்தோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல் தொலைவு. நாம் நேரடியாக அளப்பது கோணத்தை மட்டும். அதைக் கிலோமீட்டராக்கத் தொலைவு தெரிய வேண்டும். தொலைவில் பிழை இருந்தால் ஆரத்திலும் அதே விகிதத்தில் பிழை. ‘மிகப்பெரிய விண்மீன்’ பட்டியல் அடிக்கடி மாறுவதன் காரணம் இதுதான். விஒய் கேனிஸ் மேஜோரிஸ் ஒரு காலத்தில் சூரியனைப் போல் 2,000 மடங்கு என்று பேசப்பட்டது. 2012 அளவீடு அதை 1,420-க்கு இறக்கியது. யுஒய் ஸ்கூட்டி 2013-இல் 1,700 மடங்கு என்று முதலிடம் பிடித்தது. தொலைவைத் திருத்திப் போட்ட பிறகு அதைப் பாதியளவுக்குக் குறைக்கும் கணக்குகளும் வந்துவிட்டன. 2024-இல் அதே ஓனாகாவின் குழு, நம் பால்வெளிக்கு வெளியே 1,60,000 ஒளியாண்டு தொலைவிலுள்ள டபிள்யூஓஎச் ஜி64 என்ற சிவப்பு மீப்பெரு விண்மீனை நெருக்கமாகப் படமெடுத்தது. படத்தில் வந்தது முட்டை வடிவத் தூசுக் கூடு. விண்மீன் அதற்குள் ஒளிந்திருந்தது.

சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று வழக்காடிய சங்கன், பதுமன் என்ற நாக அரசர்களின் கதையைச் சங்கரன்கோவிலில் கேட்காதவர் இருக்க முடியாது. அவர்களுக்குக் கிடைத்த பதில் இன்னார் என்று ஒருவரைக் காட்டவில்லை, வழக்கையே அர்த்தமில்லாததாக்கியது. விண்மீன்களில் ‘யார் பெரியவர்’ என்ற வழக்கும் அப்படித்தான் முடிகிறது. ஆரத்தில் முந்துபவர் நிறையில் பிந்துவார். மிக அதிக நிறையுள்ள விண்மீன்கள் நீல நிறத்தில், கேட்டையைவிடப் பலமடங்கு சிறிய உடலோடு இருக்கின்றன.

பார்க்க விரும்புவோருக்கு

கேட்டையின் மாற்றத்தைக் கண்ணாலேயே தொடரலாம். ஆடிக் கடைசியில் இரவு எட்டு மணியளவில் தெற்கில் கேட்டை, மேற்கில் சித்திரை, கிழக்கில் திருவோணம் மூன்றும் நல்ல உயரத்தில் நிற்கும். சித்திரையின் ஒளித்தரம் ஏறத்தாழ 1.0, திருவோணத்தினுடையது ஏறத்தாழ 0.8. கேட்டை எதற்குச் சமம், எதைவிட மங்கல் என்று பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். சிவப்பு மீனை உற்றுப் பார்க்கப் பார்க்கக் கண் அதைக் கூடுதல் ஒளியோடு காட்டும். ஆகவே ஒரு பார்வையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஓர் இரவில் எதுவும் புரியாது. சில ஆண்டுப் பதிவு சேர்ந்தால் ஏற்ற இறக்கம் தெரியவரும்.

என்றாவது அது வெடிக்குமா? வெடிக்கும். உள்ளகத்தில் இரும்பு சேர்ந்ததும் தாங்கும் ஆற்றல் தீர்ந்து, நடுப்பகுதி ஒரு விநாடிக்குள் சரிந்து, போர்வை சிதறும். நாளையும் ஆகலாம், பல லட்சம் ஆண்டும் ஆகலாம். அன்று அரை நிலவைவிடப் பிரகாசமாக, பகலிலும் தெரியும். 550 ஒளியாண்டு தொலைவு என்பதால் நமக்கு ஆபத்து எதுவும் இல்லை.

அதுவரை, எங்காவது ஒரு விண்மீனைப் பற்றி ‘சூரியனைப் போல் இத்தனை மடங்கு பெரியது’ என்று படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த அலைநீளத்தில் அளந்தார்கள்? எந்த ஆண்டில் அளந்தார்கள்? தொலைவை எப்படிக் கணித்தார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த எண்ணை நம்பலாம். பதில் இல்லையென்றால் அது வெறும் தலைப்புச் செய்தி.